பதிவேடும் பாயிரமும்

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது தமிழர் பழமொழி. கணக்கை எழுதி வைப்பதன் இன்றியமையாமையை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. ஆயினும் எழுதி வைத்த கணக்கும் சில வேளைகளில் மனிதரை அழவைப்பதுண்டு. ஏட்டில் எழுத்து இருக்கும். அதனைத் தேடி எடுக்கும் வழி அறிந்தவர் இருக்கமாட்டார். தேடி எடுத்தாலும், அவ்வெழுத்து எதனைக் குறிக்கின்றது என விளக்குவார் இல்லாமற் போவார். அந்நிலையில் எழுதிய கணக்கும் எழுதாக் கணக்கும் ஒன்றே.

இப்பழைய சிக்கல் இன்று புதிய உருவில் திரும்பி வந்துள்ளது. வணிக நிறுவனங்களின் விற்பனை, ஊதியம், சரக்கு, வாடிக்கையாளர் முதலிய பதிவுகள் கணினி மென்பொருள்களுக்குள் குடிபுகுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. இப்போது அப்பதிவுகளைத் தேடி எடுக்கும் பணி செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றது. முகவர் தானே ஏட்டைப் புரட்டுவதில்லை. அதற்கெனச் சில கருவிகள் வழங்கப்படுகின்றன. எந்தக் கருவி எதனை எடுத்துத் தரும், எதனைத் தராது என்பதை முகவர் அறிவது, அக்கருவியோடு இணைத்து எழுதப்பட்ட விளக்கக் குறிப்பைக் கொண்டே. அக்குறிப்பை எழுதுவது கணினி வல்லுநர் பொழுது கிடைத்தபோது செய்யும் சிறு வேலை எனப் பலரும் கருதுகின்றனர். அது சிறு வேலை அன்று என்பதற்குச் சுங்கை பூலோ என்னும் ஓர் ஊரின் வரலாறே போதிய சான்றாகும்.

கல்லிற் பொறித்த முகவரி

சுங்கை பூலோவுக்குச் செல்லுமுன் தஞ்சைக்குச் சென்று வருதல் தகும். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று, சோழநாட்டின் பல்வேறு கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகின்றது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காக விதிக்கப்பட்டது. பெயரையும் பங்கையும் மட்டும் எழுதியிருந்தால் அரசனின் ஆணை நிறைவேறியிருக்கும். கல்வெட்டு அதனோடு நிற்கவில்லை. எக்கோயிலிலிருந்து வந்தவள், எத்தெருவில் எச்சிறகில் எத்தனையாவது வீட்டில் இருப்பவள் என்பதும் பொறிக்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அப்பங்கு யாருக்குரியது என்ற விதியும் உடன் எழுதப்பட்டது.

இதன் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரே பெயருடைய பெண்டிர் பலர் இருந்தனர். பெயரால் மட்டும் தேடுபவன் தவறான வீட்டின் முன் நெல்லை அளந்துவிடக்கூடும். எனவே பெயரோடு வீடும் வேண்டும். எழுதியவர்கள் மறைந்த பின்னும், கணக்கை அறியாத புதியவன் ஒருவன் அக்கல்லைப் பார்த்துச் சரியான வாயிலை அடைய வேண்டும். தேடுபவனை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட பதிவு அது.

கிராணியாரின் நினைவு

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பதிவேட்டின் நிலை வேறாக இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளர் வரிசையில் நிற்க, கிராணியார் செக்ரோலைத் திறந்து பெயர்களைக் குறித்துக்கொள்வார். பின்னர்ப் பால் நிறுக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் கொணர்ந்த பாலின் எடையும் ரப்பர்ச் செறிவும் பதிவாகும். அவ்வேட்டை நம்பியே மாதக் கூலி. அவ்வேட்டை நம்பியே குடும்பத்தின் அடுப்பு. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தபின், முதுமைக்கால வாழ்வும் அவ்வேட்டோடு பிணைக்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், தொழிலாளர் பதிவேடுகளை முதலாளிகள் முறையாக வைத்திருக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது.

பதிவேடு இருந்தது; ஆனால் பதிவேட்டின் பொருள் கிராணியாரின் நினைவில் இருந்தது. முனியாண்டி என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தோட்டத்தில் அப்பெயருடையோர் நால்வர் இருத்தல் வியப்பன்று. எந்த முனியாண்டி கோயில் லயத்தில் இருப்பவன், எவன் ஆற்றோர நிரையில் மரம் வெட்டுபவன் என்பது கிராணியாருக்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது. அப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கால், ஒருவர் இறுதியில் 'ஐ' என்னும் எழுத்தையும் மற்றொருவர் 'ஒய்' என்னும் எழுத்தையும் இட்டனர். முதலெழுத்தை அடுத்து ஒருவர் 'யு' எழுதினார். வேறொருவர் இரண்டு 'ஓ' எழுதினார். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் ஒன்று, சேமநிதிச் சீட்டில் ஒன்று என ஒரே மனிதன் மூன்று மனிதனாக நின்ற குடும்பங்கள் தமிழர் நடுவே ஏராளம்.

கிராணியார் இருந்தவரை அக்குறை வெளிப்படவில்லை. அவர் ஓய்வு பெற்று, தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில்தான் அதன் முழு உருவமும் தெரிந்தது. ஓய்வூதியம், சேமநிதி, குடியுரிமை என எதனை நாடிச் சென்றாலும், இவ்விரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. சான்று ஏட்டுக்கு வெளியே, மறைந்துபோன ஒருவரின் நினைவில் இருந்தது.

பார்க்காமல் வாங்குவோர்

அதே காலத்தில், அதே மண்ணில், பதிவை வேறு முறையில் எழுதியோரும் இருந்தனர். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. அதன் ஆய்வுத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. அங்கே மரங்கள் ஊர்ப்பெயரால் அழைக்கப்படவில்லை. வகைக்கு ஒரு குறியீடும் எண்ணும் வழங்கப்பட்டன. உலகெங்கும் பரவிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்னும் ரப்பர் இனம் இதற்கு எடுத்துக்காட்டு. முதல் எழுத்துகள் கழகத்தைக் குறிப்பன. எண், அவ்வினம் பிறந்த வரிசையைச் சுட்டுவது. சாவகத்துச் 'சிர் 1' இனத்தையும், சிலாங்கூரின் பிராங் பெசார்த் தோட்டத்தைப் பெயரில் தாங்கிய 'பி.பி. 86' இனத்தையும் கலந்து பெறப்பட்டது அது என்பது பதிவில் உண்டு. பிராங் பெசார்த் தோட்டம் இன்று இல்லை. அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்துள்ளது. ஆயினும் குறியீட்டைக் கண்ட எந்நாட்டு ஆய்வாளரும் அம்மரத்தின் தாய் தந்தையரைத் தேடிக் கண்டுகொள்ளலாம்.

இதனினும் பெரிய படிப்பினை 1965-இல் வந்தது. அதுவரை ரப்பர்ப் பாளங்கள் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கப்பட்டன. நிறம், புகையின் அளவு, குமிழி, மாசு ஆகியவற்றைப் பழகிய கண் ஒன்று மதிப்பிட்டது. அந்தக் கண்ணை நம்பியே கடல் கடந்த வணிகம் நடந்தது. 1965-இல் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் அறிமுகமாயிற்று. ரப்பர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, அதன் தரம் எண்ணாற் குறிக்கப்பட்டது. தொடக்க நாளில் 'எஸ்.எம்.ஆர். 5' என்றால் அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேற்படாது, 'எஸ்.எம்.ஆர். 20' என்றால் 0.20 பங்குக்கு மேற்படாது. ஐரோப்பாவில் டயர் செய்யும் ஆலை, சிப்பத்தைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது இன்னதென அறிந்தது.

பொருளைப் பாராமல் வாங்குவோனுக்குக் குறிப்பே கண். குறிப்பு பொய்த்தால் ஆலையில் டயர் பழுதாகும்; நாட்டின் பெயர் கெடும். ஆதலால் குறிப்பு எழுதுதல் வணிகத்தின் ஓரத்து வேலையாக இல்லாமல், வணிகத்தின் நடுவேலையாக மாறிற்று. ஏட்டைப் பாராமல், கருவியின் குறிப்பை மட்டும் படித்துச் செயற்படும் இன்றைய முகவரின் நிலை, சிப்பத்தைப் பிரிக்காத அவ்வாலையின் நிலையே.

நம்பிக்கைப் பள்ளத்தாக்கு

சுங்கை பூலோவின் மற்றொரு பெரும் பதிவகம் புக்கிட் லாகோங் மலையடிவாரத்தில் இருந்தது. 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு அது. மருத்துவர் டிராவர்ஸ் என்பாரின் முயற்சியால், சிறைபோன்ற கொட்டடிகளுக்கு மாற்றாக, சிறு சிறு இல்லங்களும் வழிபாட்டிடங்களும் பள்ளியும் உடைய தோட்ட நகராக அது எழுந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்தனர். நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என அது பெயர் பெற்றது.

அங்கு வைக்கப்பட்ட மருத்துவப் பதிவுகள் உலகுக்கே பயன்பட்டன. சல்ஃபோன் மருந்தைத் தொழுநோய்க் கிருமி எதிர்த்து நிற்க வல்லது என்பதை 1964-இல் பெட்டிட், ரீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் மெய்ப்பித்தது இக்குடியிருப்பின் நோயாளரைக் கொண்டே. யாருக்கு எம்மருந்து எத்தனை ஆண்டு கொடுக்கப்பட்டது என்னும் குறிப்பு இல்லையேல், மருந்து தோற்றதா, மருந்தே உட்கொள்ளப்படவில்லையா என்பதைப் பிரித்தறிவது எங்ஙனம்?

ஆனால் அதே குடியிருப்பில் வேறொரு துயரமும் நிகழ்ந்தது. நோயாளருக்குப் பிறந்த குழந்தைகள் பிறந்தவுடன் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். சிலர் உறவினரிடம் சென்றனர். பலர் தத்துக் கொடுக்கப்பட்டனர். வளர்ந்து, தம் பிறப்பை அறிந்து, தாயைத் தேடி அப்பள்ளத்தாக்கிற்கு வந்தவர்கள் உளர். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெயர், ஒரு நாள், ஓர் ஏட்டின் ஒரு வரி. தத்தெடுத்தபின் குழந்தையின் பெயர் மாறியிருந்தால், பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையே பாலமிடும் குறிப்பின்றி அவ்வரி கைக்கு எட்டாது. பதிவகத்தில் மருந்துக்குப் பாலம் இருந்தது. மகவுக்கு இருந்ததா என்பதைப் பொறுத்தே ஒருவருடைய தாய் கிடைப்பதும் கிடையாததும் அமைந்தது. நோயாளரின் பெயரை ஊரார்க்கு வெளிப்படுத்துதல் அக்காலத்தில் அவரையும் அவர்தம் குடும்பத்தையும் ஒதுக்கி வைக்கும் கொடுமைக்கு வழி வகுத்திருக்கும் என்பதும் மறத்தலாகாது. தேடுவோர் எல்லாருக்கும் திறந்துவிடத் தக்க ஏடு அன்று அது. எல்லாருக்கும் மூடிவைக்கத் தக்கதும் அன்று.

அட்டையிலிருந்து கணினிக்கு

பதிவைத் தேடும் பணியை எந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி நெடுநாளையது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் அமைத்த துளையட்டை எந்திரம் பயன்பட்டது. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், பதிவுகளைத் தம்முள் உறவுடைய அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். ஏடு எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமலே, எது வேண்டும் என்பதை மட்டும் சொல்லிப் பெறலாம் என்பதே அதன் உயிர்நாடி. 1974-இல் சேம்பர்லினும் பாய்சும் அதற்கென ஒரு வினவல் மொழியை வகுத்தனர். எஸ்.கியூ.எல். என இன்று வழங்குவது அதுவே.

இவற்றின்மேல் வணிக மென்பொருள்கள் எழுந்தன. ஜெர்மனியில் 1972-இல் ஐந்து பொறியாளர் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனம் பெருநிறுவனங்களின் கணக்கையும் சரக்கையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தது. தமிழகத்திலும் இத்துறை வேரூன்றிற்று. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிப் பின்னர் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், வாடிக்கையாளர் பதிவு, கணக்கு, ஊதியம் முதலியவற்றுக்கான மென்பொருள்களைச் சென்னையிலும் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையிலும் உருவாக்கி உலகுக்கு வழங்குகின்றது.

மென்பொருள்கள் பலவானபோது, ஒன்று மற்றொன்றிடம் பதிவு கேட்க வாயில் ஒன்று தேவைப்பட்டது. அதுவே 'ஏ.பி.ஐ.' எனப்படும் இடைமுகம். மலேசியாவில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்து, பின் படிப்படியாக ஏனையோர்க்கும் விரிந்தது. நிறுவனத்தின் கணினி, வாரியத்தின் கணினியோடு நேரே பேசுவதற்கான இடைமுகக் குறிப்புகள் அதற்கென வெளியிடப்பட்டன. அவற்றைப் படித்தவர் மனிதர், நிரல் எழுதுவோர். குறிப்பில் ஐயம் எழுந்தால் அவர்கள் கேட்டறிந்தனர், சோதித்துப் பார்த்தனர், தவறு கண்டால் திருத்தினர்.

புதிய வாசகன்

அண்மையில் குறிப்பைப் படிக்கும் வாசகன் மாறிவிட்டான். 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் மொழி மாதிரிக்குக் கருவிகளை அழைக்கும் ஆற்றலை வழங்கியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொதுநெறியை வெளியிட்டது. 'எம்.சி.பி.' எனச் சுருக்கமாக வழங்கும் அந்நெறி, எம்மென்பொருளின் பதிவையும் எம்முகவரும் ஒரே முறையில் அணுக வழி செய்தது. ஜோஹோ நிறுவனமும் 2025 ஜூலையில் தன் மென்பொருள்களுக்கு அந்நெறியின் வழி வாயில் அமைத்தது.

அது செயற்படும் முறை எளியது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அது வேண்டும் உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய மூன்றும் எழுதி முகவரிடம் கொடுக்கப்படும். மனிதர் ஒரு வினா எழுப்புவார். முகவர் குறிப்புகளைப் படித்துப் பொருந்திய கருவியைத் தெரிந்து, உள்ளீடுகளை நிரப்பிக் கேட்கும். மென்பொருள் பதிவை எடுத்துத் தரும். முகவர் அதனைக் கொண்டு விடையை வாக்கியமாக அமைக்கும். கருவியின் உள்ளமைப்பைப் பெரும்பாலும் முகவர் காண்பதில்லை, குறிப்பையே காண்கின்றது. ஐயம் வந்தால் கேட்பதற்கு அதன் அருகில் கிராணியார் இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு நிறுவனத்தின் ஊதியப் பதிவை எண்ணிப் பார்க்கலாம். "பிப்ரவரி மாதச் சேமநிதிச் சந்தா யாருக்குச் செலுத்தப்படவில்லை?" என்று மேலாளர் முகவரைக் கேட்கின்றார். ஜனவரி ஊதியத்துக்குரிய சந்தா பிப்ரவரி 15-ஆம் நாளுக்குள் செலுத்தப்படுவது. சேமநிதி வழக்கில் அது பிப்ரவரிச் சந்தா. கருவியின் குறிப்பில் 'மாதம்' என்று மட்டும் இருந்தால், அது ஊதிய மாதமா, சந்தா மாதமா? முகவர் ஒன்றைக் கொண்டு விடை சொல்லிவிடும். விடை தடையின்றி, தெளிந்த நடையில் வரும், தவறாகவும் இருக்கும். செலுத்தியவர் செலுத்தாதவராவார்; ஏமாற்றப்பட்ட தொழிலாளி பட்டியலில் இடம்பெறாமற் போவார்.

இவ்வாறே முனியாண்டியும் மீண்டும் வருகின்றார். முகவர் ஓர் எழுத்துக்கூட்டில் தேடுகின்றது. பதிவு வேறோர் எழுத்துக்கூட்டில் உள்ளது. கருவி வெற்று விடையைத் தருகின்றது. "அப்படி ஒருவர் இந்நிறுவனத்தில் பணியாற்றியதில்லை" என முகவர் அறிவித்துவிடக்கூடும். "இக்கருவி எழுத்து மாறாமல் தேடுவது, தமிழ்ப் பெயர்கள் பலவாறு எழுதப்பட்டிருக்கும், வெற்று விடை வந்தால் அடையாள அட்டை எண்ணால் மீண்டும் தேடுக, கிடைக்காமை இல்லாமை ஆகாது" என்று குறிப்பில் நான்கு தொடர் எழுதப்பட்டிருந்தால் ஒருவருடைய இருபதாண்டு உழைப்பு இல்லையென்று ஆகியிராது.

கருவிக்குப் பாயிரம்

இத்தகைய குறிப்பில் யாவை இடம்பெற வேண்டும் என்னும் வினாவுக்குத் தமிழர் வெளியே விடை தேட வேண்டியதில்லை. நூலுக்கு முன்னே பாயிரம் வேண்டும் என்பது பழந்தமிழ் ஆசிரியரின் நெறி. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இன்றேல் அது நூலாகாது என்பது பவணந்தி முனிவரின் துணிபு. நூற்பெயர், அதனை ஆக்கியவன் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, அதன் தொடர்பு, நுவலும் பொருள், கேட்டற்குரியோர், பயன் என எட்டினைச் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமாக நன்னூல் வகுக்கின்றது.

இவ்வெட்டும் கருவிக்கும் பொருந்துவன. பெயர், செயலைக் காட்டுவதாக அமைய வேண்டும். 'தேடு' என்பது போதாது, 'ஊழியரை அடையாள எண்ணால் தேடு' என்பதே பெயர். ஆக்கியோன் பெயர், தவறு கண்டால் யாரிடம் முறையிடுவது என்பதைச் சொல்லும். வழி என்பது, பதிவு எவ்வேட்டிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்பது. நேற்றைய சரக்கிருப்பை இன்றைய இருப்பெனக் கொள்ளாதிருக்க அது காப்பு. எல்லை என்பது, எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை, ஒரு முறைக்கு எத்தனை பதிவு என்பது. ஒரு முறைக்கு நூறு பதிவு மட்டும் தரும் கருவியிடம் ஆயிரம் ஊழியரின் கணக்கைக் கேட்டு, வந்த நூறையே முழுமையெனக் கருதும் பிழை எல்லை கூறாமையால் விளைவது. தொடர்பு என்பது, இக்கருவிக்கு முன் எதனை அழைக்க வேண்டும், பின் எதனை என்பது. நுவலும் பொருளில் சொற்களின் வரையறை அடங்கும்: 3/4 என்பது மார்ச்சு நான்கா, ஏப்ரல் மூன்றா, தொகை ரிங்கிட்டிலா, சென்னிலா, மாதம் எம்மாதம். கேட்டற்குரியோர் என்பது, யாருக்கு இப்பதிவைக் காணும் உரிமை உண்டு என்பது. பயன் என்பது, எவ்வகை வினாவுக்கு இக்கருவி உதவும், எவ்வகைக்கு உதவாது என்பது.

இவ்விறுதிப் பகுதியே பெரும்பாலும் விடுபடுவது. கருவி செய்யவல்லதைச் சொல்ல எவரும் மறப்பதில்லை. செய்ய இயலாததைச் சொல்வதற்கே நேர்மை வேண்டும்.

கதவும் தாழும்

குறிப்பு எவ்வளவு நன்றாயினும், அதுவே காவல் ஆகிவிடாது. பதிவைப் படிக்கும் கருவியும் பதிவை மாற்றும் கருவியும் வேறு வேறாக இருத்தல் வேண்டும்; மாற்றுவது, அழிப்பது எனின் மனிதரின் ஒப்புதல் இடையில் நிற்க வேண்டும். 'பிறர் ஊதியத்தைக் காட்டாதே' என்று குறிப்பில் எழுதிவிட்டு, கருவி அதனைத் தர வல்லதாக இருந்தால், கதவைத் திறந்து வைத்து 'நுழையாதீர்' எனப் பலகை மாட்டியதற்கு ஒப்பாகும். தாழ் மென்பொருளுக்குள் இருத்தல் வேண்டும். பலகை அதனை விளக்குதல் வேண்டும்.

மேலும், குறிப்பை நம்பும் வாசகனைக் குறிப்பாலேயே ஏமாற்றலாம். தீயோர் தம் கருவியின் விளக்கத்துக்குள் மறைவான கட்டளையைப் பொதிந்து வைத்து, முகவர் அதனைப் படித்துப் பிறர் பதிவை வெளியே அனுப்புமாறு செய்யும் சூழ்ச்சி ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. பதிவின் உள்ளே, வாடிக்கையாளர் எழுதிய மடலொன்றில், அத்தகைய கட்டளை ஒளிந்திருத்தலும் கூடும். எனவே எங்கிருந்தோ வந்த கருவியை ஆராயாது ஏற்றல், அறியாதவனிடம் பெட்டகத்தின் சாவியைக் கொடுத்தலாகும்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் திரட்டப்படும் தனிமனிதர் விவரம் எக்காரணத்துக்காகப் பெறப்பட்டதோ அதற்கே பயன்படல் வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. முகவர் கையில் ஏட்டைக் கொடுப்பதால் அக்கடமை நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கிவிடுவதில்லை. தாயைத் தேடும் மகனுக்குத் திறக்கவும், வம்பு தேடும் அயலானுக்கு மூடவும் தெரியாத பதிவகம் எத்தகைய துன்பம் தரும் என்பதை நம்பிக்கைப் பள்ளத்தாக்கு முன்னரே கற்பித்துள்ளது.

யார் எழுதுவது?

இக்குறிப்புகளை எழுதுவதற்குத் தக்கவர் யார்? நிரல் எழுதுவோர் மட்டும் எழுதினால், கருவி எவ்வாறு இயங்கும் என்பது சரியாக வரும். பதிவு எதனைக் குறிக்கின்றது என்பது விடுபடும். சந்தா மாதத்தின் வேறுபாட்டை அறிந்தவர் ஊதியப் பிரிவில் அமர்ந்திருக்கும் எழுத்தர். முனியாண்டி நால்வருள் எவர் எவர் என்பதை அறிந்தவர் களத்து மேற்பார்வையாளர். நாட்பட்ட பொருளைக் கணக்கில் எங்ஙனம் காட்டுவது என்பது சரக்கறைக் காப்பாளருக்குத் தெரியும். அவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டு, எளிய தெளிந்த நடையில் எழுத்தாக்குவதே குறிப்பாசிரியரின் பணி. எழுதியதை, அவ்வலுவலகத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்களைக் கண்டு திருத்துவது அதன் இரண்டாம் பாதி. மென்பொருள் மாறுந்தோறும் குறிப்பையும் மாற்றுவது அதன் முடிவில்லாப் பகுதி.

இப்பணியில் தமிழர்க்குத் தனிக் கடமையும் உண்டு. தமிழ்ப் பெயரில் தந்தை பெயரே பின்னொட்டாக வரும். அது குடும்பப் பெயரன்று. மலேசியப் பதிவுகளில் 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் சுருக்கங்கள் இடையே நிற்கும்; சில மென்பொருள்கள் அவற்றையும் பெயரின் பகுதியாகவே விழுங்கிவிடும். இவற்றை அறிந்தவர் வாய்திறவாது இருந்தால், அறியாதவர் எழுதிய குறிப்பே நிலைத்துவிடும். எந்திரம் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆனால் தனக்குச் சொல்லப்படாத வேற்றுமையை அது அறிவதுமில்லை.

சுங்கை பூலோவின் ஆய்வுத் தோட்டம் இன்று பழைய உருவில் இல்லை. ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துள் இணைந்தது. தோட்டம் இருந்த நிலத்தில் 2,330 ஏக்கர் பரப்பில் குவாசா டாமன்சாரா என்னும் நகர் எழுகின்றது. அந்நிலத்தின் உரிமை ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனத்தினுடையது. நாடெங்கும் பால் மரம் வெட்டியோரின் மாதச் சந்தாவும் சேர்ந்து வளர்ந்த நிதி அது. தொழுநோய்க் குடியிருப்பின் ஒரு பகுதி 2007-இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியில் இன்றும் பூச்செடி விற்பனை நடக்கின்றது. மரங்கள் வீழ்ந்தன, லயங்கள் மறைந்தன, கிராணியாரும் மறைந்தார். எஞ்சியிருப்பவை பதிவுகள்.

இனி அப்பதிவுகளின் வாயிலில் நிற்கப்போவது ஓய்வு அறியாத, ஆனால் ஊர் அறியாத ஒரு முகவர். செக்ரோலின் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கின்றது என்பதை அதனிடம் வாய்மொழியாகச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில், இன்று உயிரோடிருப்போர் எழுதி வைக்க வேண்டும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது. பாயிரம் எழுதாத பதிவேடும் அவ்வாறே.